புளியங்கொட்டைக் கணக்கு

“மாமா, பேரணாம்பட்டில் பைசன் இல்லையாம்!” என்றான் என் அக்காள் மகன்.

ஆம்பூரில் உட்கார்ந்துகொண்டு ஒருவன் இப்படிச் சொன்னால் கேட்கிறவன் என்ன நினைப்பான்? மாட்டுத்தோல், ஆட்டுத்தோல், எருமைத்தோல் என்று எல்லாத் தோலும் வந்து இறங்குகிற ஊர் அது. யாரோ காட்டெருமைத் தோலுக்கு ஆர்டர் கொடுத்துவிட்டார்கள், சரக்குக் கிடைக்கவில்லை என்றுதான் நான் நினைத்தேன்.

“காட்டு மிருகத்தின் தோலை விற்றால் ஜெயிலுக்குப் போக வேண்டுமே, அப்பா! உனக்கு எதற்கு அந்த வம்பு?” என்று கேட்டேன்.

அவன் சிரித்த சிரிப்பில் அடுக்களையிலிருந்து அக்காள் எட்டிப் பார்த்தாள்.

பைசன் என்பது ஒரு கம்ப்யூட்டர் புரோகிராமின் பெயராம். அதற்கு முன்னால் வந்த புரோகிராமின் பெயர் யாக். அதாவது, பனிமலையில் வாழும் கவரிமா. பைசனைப் பராமரிக்கிற கூட்டத்தின் பெயர் க்னூ; அதுவும் ஆப்பிரிக்கப் புல்வெளியில் மந்தை மந்தையாகத் திரிகிற ஒரு மிருகம். “இத்தனை தோலும் கொம்பும் உள்ள சாஸ்திரம் பிறக்க வேண்டிய ஊர் ஆம்பூர்தான். தப்பிப் போய் அமெரிக்காவில் பிறந்துவிட்டது” என்றேன். அந்தச் சிரிப்போடு அந்த விஷயம் முடிந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலை இல்லை. நான் சும்மா இராமல் அவனுக்கு ஒரு யோசனை சொன்னேன். அந்த யோசனையால் முகம் தெரியாத ஓர் ஏழைக் கிழவியின் கூலியில் கை வைத்தவன் ஆனேன். அதைத்தான் சொல்ல வருகிறேன்.

ஆம்பூரை ரயிலில் கடந்து போகிறவர்களுக்கு இரண்டு விஷயங்கள் தெரியும். ஒன்று பிரியாணி, மற்றொன்று தோல் பதனிடும் வாசனை. மூன்றாவது ஒன்று உண்டு. அது ரயில் ஜன்னலிலிருந்து தெரியாது. சந்துகளுக்குள் நடந்து போனால் வீட்டு வாசற்படிகளில் பெண்கள் உட்கார்ந்து ஷூவின் மேல்பாகத்தைக் கையால் தைத்துக்கொண்டிருப்பார்கள். ‘அப்பர்’ என்ற சொல் அங்கே எழுதப் படிக்கத் தெரியாதவர் வாயிலும் சரளமாக வரும். தேவாரம் பாடிய அப்பர் அல்ல. காலில் போடுகிற அப்பர்! தொழிற்சாலையில் வெட்டிய தோல் மூட்டையாக வந்து, நடுவில் இருக்கும் ஓர் ஏஜெண்டு அம்மாளின் கையால் வீடு வீடாகப் பிரிந்து, தைத்து முடிந்ததும் திரும்ப மூட்டையாகப் போய்விடும். பிறகு அது கப்பல் ஏறி எந்த நாட்டுக் கால்களுக்குப் போகிறது என்பது தைத்தவளுக்குத் தெரியாது. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் ஜோடிக் கணக்கு. ஜோடிக்கு இவ்வளவு என்று கூலி. எவ்வளவு என்று எழுத எனக்கு வெட்கமாயிருக்கிறது. அந்த ஷூவைக் கடையில் வாங்குகிறவர் காதில் விழுந்தால் அவருக்கும் வெட்கமாயிருக்கும்.

இந்தக் கணக்கை ஏஜெண்டு அம்மாள் ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதுவாள். பெயருக்கு எதிரே, “20 ஜோ, ம 3” என்று இருக்கும். இருபது ஜோடி வந்தது, அதில் மூன்று ஜோடி தையல் சரியில்லாமல் மறுவேலைக்குத் திருப்பப்பட்டது என்று அர்த்தம். வாரக் கடைசியில் இதையெல்லாம் கூட்டிக் கழித்துக் கூலி போடுவதற்குள் அவளுக்குத் தலை சுற்றிவிடும். சண்டையும் வரும்.

என் மருமகப்பிள்ளை இதைப் பார்த்தான். பெங்களூரில் ஒரு கம்பெனி வேலையை வீட்டிலிருந்தபடியே செய்கிறவன் அவன். ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து, அந்த நோட்டில் உள்ள வரிகளை அப்படியே தட்டினால் ஆள்வாரியாகக் கூலி போட்டுக் கொடுக்கிற ஒரு சின்னப் புரோகிராம் எழுதினான். அதைக் காசுக்கு விற்கவில்லை. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம், பிறருக்கும் கொடுக்கலாம் என்று வைத்துவிட்டான். இதற்குக் கட்டற்ற மென்பொருள் என்று தமிழில் பெயர் வைத்திருக்கிறார்கள், நல்ல பெயர்.

இதில் பைசனுக்கு என்ன வேலை?

நேயர்களில் பலரும் என்னைப் போலவே பள்ளிக்கூடத்தில் பகுபத உறுப்பிலக்கணத்துக்காகக் குட்டுப்பட்டிருப்பீர்கள். ‘வந்தனன்’ என்ற சொல்லைக் கொடுத்து, பகுதி, விகுதி, இடைநிலை, சாரியை, சந்தி, விகாரம் என்று பிரிக்கச் சொல்வார்கள். நன்னூலார் விதி வகுத்துவிட்டுப் போய்விட்டார், குட்டு நமக்கு. கம்ப்யூட்டரும் ஒரு வரியைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் முதலில் அதை இப்படித்தான் பிரிக்க வேண்டும். அந்தப் பிரிக்கிற பாகத்துக்குப் பகுப்பி என்று பெயர். ‘சிவப்புச் செருப்புப் பை’ என்றால் சிவப்பு நிறம் செருப்புக்கா, பைக்கா? நாம் கண்ணால் பார்த்துத் தீர்த்துக்கொள்வோம். கண் இல்லாத யந்திரத்துக்கு விதிதான் கண்.

பகுப்பியைக் கையால் எழுதலாம். ஆனால் தப்பு நேரும், நேரமும் பிடிக்கும். அமெரிக்காவில் பெல் சோதனைச்சாலையில் இருந்த ஸ்டீபன் ஜான்ஸன் என்பவர் 1970களின் தொடக்கத்தில் ஒரு யுக்தி செய்தார். விதிகளை மட்டும் நன்னூல் சூத்திரம் மாதிரிச் சுருக்கமாக எழுதிக் கொடுத்துவிட்டால், பகுப்பியைத் தானே எழுதித் தருகிற ஒரு புரோகிராம்! அந்த மாதிரிப் புரோகிராம்கள் அப்போதே சில இருந்ததால், “இதோ, இன்னும் ஒன்று” என்று பொருள்படும்படி அடக்கத்தோடு பெயர் வைத்தார். முதலெழுத்துக்களைச் சேர்த்துப் படித்தால் யாக் என்று வந்தது. 1985ஆம் வருஷ வாக்கில் ராபர்ட் கார்பெட் என்பவர் அதே வேலைக்கு வேறொன்று எழுதினார். அதை ரிச்சர்ட் ஸ்டால்மன் யாக்குக்கு ஒத்துப் போகும்படி செய்தார். யாக் ஒரு மாடு என்றால் இது இன்னொரு மாடு. பைசன் பிறந்த கதை இதுதான்.

ஆக, என் மருமகப்பிள்ளை கையால் எழுதியது எண்பது வரி இலக்கணம். பைசன் அதைத் தின்று ஆயிரத்துக்கு மேற்பட்ட வரிகளைக் கக்கியது. அந்த ஆயிரம் வரியை மனிதன் படித்து அர்த்தம் பண்ணிக்கொள்வது கஷ்டம். நடுநடுவே எண்கள், அட்டவணை அட்டவணையாக எண்கள். ஷூவைப் பார்த்து அது எந்த ஆடு என்று சொல்ல முடியுமா? அதைப் போலத்தான்.

இப்போது பேரணாம்பட்டுக்கு வருவோம். அங்கே இவனுடைய சிநேகிதன் ஒருவன், தன் தெருவில் அப்பர் தைக்கிறவர்களுக்காக இந்தப் புரோகிராமை வாங்கிக்கொண்டான். வாங்கியதை அவனுடைய கம்ப்யூட்டரில் ‘கட்ட’ வேண்டும். கட்டப் போனால், “பைசன் எங்கே?” என்று கேட்டுவிட்டு அது நின்றுவிட்டது. பழைய கம்ப்யூட்டர், இணையத் தொடர்பும் சுகமில்லை. பைசனை இறக்கிக்கொள்ள அதற்கு வேறு இரண்டு சாமான்கள் வேண்டும் என்றது; அந்த இரண்டுக்கும் இன்னும் எதுவோ வேண்டும் என்றது.

இந்தச் சங்கிலி எனக்குப் புதிதாகப் படவில்லை. ஒரு காலத்தில் இந்தப் பக்கத்தில் ஆவாரம் பட்டையையும் கடுக்காயையும் கொண்டு தோல் பதனிட்டார்கள். பிறகு தென்னாப்பிரிக்காவிலிருந்து வாட்டில் பட்டை வந்தது. அது கை கொடுத்தது. ஆனால் அதை நம்பி நிற்பவன் கப்பலையும் நம்பி நிற்க வேண்டியதாயிற்று. எந்தத் தொழிலானாலும் நம் தொட்டியில் இருக்கும் சரக்கு ஒன்று. அதற்குப் பின்னால் நம் கண்ணுக்குத் தெரியாத துறைமுகங்கள் ஒன்பது.

“இவ்வளவுதானே? நீ சமைத்ததையே அனுப்பிவிடேன்” என்றேன். “விருந்துக்கு வந்தவனிடம் அரிசியைக் கொடுத்து அம்மியையும் ஆட்டுக்கல்லையும் தேடச் சொல்வார்களா? பைசன் கக்கிய அந்த ஆயிரம் வரி உன்னிடம் இருக்கிறதல்லவா? அதைச் சேர்த்துக் கட்டி அனுப்பு.”

அவன் கொஞ்சம் யோசித்தான். “அப்படிச் செய்கிற வழக்கம் உண்டு மாமா. வெளியீட்டுக் கட்டில் இரண்டையும் வைத்து அனுப்புவார்கள். ஆனால் அதில் ஒரு தொல்லை உண்டு...” என்று ஆரம்பித்தான்.

அந்தத் தொல்லை என்ன என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. அக்காள் இலை போட்டுவிட்டாள். மாமா சொன்னதற்காக அல்லது சிநேகிதன் அவசரத்துக்காக, பைசன் செய்த கோப்பையும் இலக்கணத்தோடு சேர்த்து அனுப்பிவிட்டான். பேரணாம்பட்டில் புரோகிராம் ஓடியது. நான் பெருமையோடு சென்னைக்கு ரயில் ஏறினேன்.

எட்டு மாதம் கழித்து மறுபடி ஆம்பூர் போயிருந்தேன். காலை பத்து மணி இருக்கும். திண்ணையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தபோது, கையில் ஒரு துணி முடிச்சோடு ஓர் ஆயா வந்து நின்றாள். வயது எழுபதுக்குக் குறையாது. வலது கை ஆள்காட்டி விரலில் ஊசி குத்திக் குத்தித் தழும்பேறியிருந்தது.

“கம்பூட்டர் கணக்குப் போடற தம்பி வூடு இதுதானா?” என்றாள்.

பேரணாம்பட்டிலிருந்து பஸ் ஏறி வந்திருக்கிறாள். அங்கே இருக்கிற பிள்ளையிடம் கேட்டாளாம். அவன், “நான் ஒண்ணும் பண்ணலை ஆயா, பெட்டி போடற கணக்கு. பண்ணினவன் ஆம்பூரில் இருக்கிறான்” என்று சொல்லிவிட்டான். சரி, பண்ணினவனையே பார்ப்போம் என்று வந்துவிட்டாள்.

மருமகப்பிள்ளை வெளியே வந்தான்.

“இன்னா தம்பி, உன் பெட்டி என் ஜோடி பன்னண்டை முழுங்கிடுச்சே!” என்றாள் அவள். கோபமாகச் சொல்லவில்லை, பக்கத்து வீட்டு ஆடு தன் கீரைப் பாத்தியை மேய்ந்துவிட்டது என்று சொல்கிற குரலில் சொன்னாள்.

துணி முடிச்சை அவிழ்த்துத் திண்ணையில் கொட்டினாள். புளியங்கொட்டைகள்! தைத்துக் கொடுத்த ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு கொட்டை போட்டு வைப்பாளாம். மறுவேலைக்கு வந்தால் ஒன்றை எடுத்துவிடுவாள். சரி செய்து கொடுத்ததும் திரும்பப் போடுவாள். மூன்று வாரக் கொட்டை அங்கே கிடந்தது. எழுத்து வாசனை இல்லாதவள். ஆனால் எங்கள் மூன்று பேரையும் உட்கார வைத்து எண்ணச் சொன்னாள். எண்ணினோம். கம்ப்யூட்டர் போட்ட கணக்கைவிடப் பன்னிரண்டு கொட்டை அதிகம் இருந்தது.

மருமகப்பிள்ளையின் முகம் வெளுத்துவிட்டது. உடனே சிநேகிதனுக்குப் போன் செய்து, நோட்டில் இருக்கும் வரிகளைப் படிக்கச் சொன்னான். மூன்றாவது வரியிலேயே விஷயம் பிடிபட்டது.

ஆம்பூர் ஏஜெண்டு அம்மாள், மறுவேலை முடிந்து திரும்பியதை மறுநாள் தனி வரியில் எழுதுவாள். பேரணாம்பட்டு அம்மாள் எல்லாவற்றையும் ஒரே வரியில் எழுதுகிறவள்: “20 ஜோ, ம 3, தி 2.” இருபது ஜோடி, மறுவேலைக்கு மூன்று, அதில் திருந்தி வந்தது இரண்டு. ஆக, குறைய வேண்டியது ஒன்றுதான், கூலி பத்தொன்பதுக்கு. ஆனால் மருமகப்பிள்ளையின் இலக்கணம், ஒரு வரியில் முதல் எண்ணுக்குப் பின்னால் வருவதையெல்லாம் கழிக்க வேண்டியதாகவே பிரித்துவிட்டது. இருபதில் மூன்று போய், இரண்டும் போய், பதினைந்து! ஒரு வரிக்கு நாலு ஜோடி. அந்த மாதிரி மூன்று வரி. பன்னிரண்டு ஜோடி. கிழவியின் கொட்டையும் கணக்கும் தட்டாமல் பொருந்தின.

“முதல் ஐந்தாறு மாதம் சரியாய் இருந்ததே, இப்போது மட்டும் ஏன்?” என்று நான் கேட்டேன்.

அதற்குப் பதில் போனில் தயங்கித் தயங்கி வந்தது. அந்தச் சிநேகிதன் இந்தத் தப்பை முதல் மாதமே கண்டுபிடித்துவிட்டான். கெட்டிக்காரப் பையன். ஆனால் அவனிடம் பைசன் இல்லை. இலக்கணத்தைத் திருத்தினால் பிரயோஜனம் இல்லை. அதனால் பைசன் கக்கிய கோப்புக்குள்ளேயே நுழைந்து தேடி, ஒரே ஒரு கழித்தல் குறியைக் கூட்டல் குறியாக மாற்றினான். வேலை முடிந்தது. ஓர் எழுத்துத்தானே என்று யாரிடமும் சொல்லவில்லை. அந்தக் கோப்பின் முதல் வரியிலேயே, இது பைசன் செய்தது என்று பதிப்பு எண்ணோடு எழுதியிருக்கிறது. அப்படிப்பட்ட வரிகளை யார் படிக்கிறார்கள்? சினிமாவில் முதலில் ஓடுகிற பெயர்களை நாம் படிக்கிறோமா?

பிறகு அவன் புதுக் கம்ப்யூட்டர் வாங்கினான். வேறு ஏதோ காரியத்துக்காக அதில் பைசனும் வந்து சேர்ந்தது. பழையதிலிருந்து எல்லாவற்றையும் பென் டிரைவில் நகல் எடுத்துப் போட்டான். நகல் எடுக்கும்போது கோப்புகளின் தேதியும் நேரமும் மாறிப் போயின. புரோகிராமைக் கட்டிக் கொடுக்கும் மேஸ்திரி ஒருவன் கம்ப்யூட்டருக்குள் இருக்கிறான். அவனுக்குத் தெரிந்த சாஸ்திரம் ஒன்றே ஒன்றுதான். இலக்கணத்தின் நேரம் பிந்தியதா, பைசன் செய்த கோப்பின் நேரம் பிந்தியதா என்று பார்ப்பான். இலக்கணம் ஒரு கணம் பிந்தியிருந்தாலும், “ஓகோ, விதி மாறிவிட்டது, பகுப்பியைப் புதிதாகச் செய்ய வேண்டும்” என்று பைசனைக் கூப்பிடுவான். கூப்பிட்டான். பைசன் பழைய இலக்கணத்திலிருந்து புதுக் கோப்புச் செய்தது. அந்த ஒரு கூட்டல் குறி துடைக்கப்பட்டுப் போயிற்று. ஒரு சத்தம் இல்லை, ஓர் எச்சரிக்கை இல்லை. எல்லாம் சரியாய் நடந்தது. கூலி மட்டும் குறைந்தது.

“இதுதான் மாமா அன்றைக்குச் சொல்ல வந்த தொல்லை” என்றான் மருமகப்பிள்ளை. “மூலமும் விளைவும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால், யாராவது ஒருவர் விளைவில் கை வைத்துவிடுவார்கள்.”

நான் வாய் திறக்கவில்லை. எனக்கு என் சொந்தக் கதை ஞாபகம் வந்துவிட்டது.

பல வருஷங்களுக்கு முன் ஒரு நாவல் எழுதினேன். பதினான்காம் அத்தியாயத்தில் ஒரு சித்தப்பா செத்துப் போகிறார். இருபதாம் அத்தியாயத்தில், அவரைக் கொன்றதை நானே மறந்துபோய், அவர் வந்து காப்பி சாப்பிட்டுவிட்டுப் போவதாக எழுதிவிட்டேன். நல்ல வேளையாகப் புரூபில் கண்ணில் பட்டது. புரூபிலேயே அடித்துத் திருத்தினேன். புத்தகம் ஒழுங்காக வந்தது. கையெழுத்துப் பிரதியைத் திருத்தத் தோன்றவில்லை; அதுதான் அச்சாகிவிட்டதே! சில வருஷம் கழித்து வேறொருவர் இரண்டாம் பதிப்புப் போட்டார். என்னிடம் இருந்த கையெழுத்துப் பிரதியைக் கேட்டு வாங்கி, அதிலிருந்து புதிதாகக் கோத்தார். செத்த சித்தப்பா மறுபடி எழுந்து வந்து காப்பி சாப்பிட்டார். “தங்கள் காப்பிக்கு உயிர் கொடுக்கும் சக்தி உண்டு போலிருக்கிறதே” என்று ஒரு வாசகர் கடிதம் எழுதினார். எனக்குப் போனது கொஞ்சம் மானம். அந்த ஆயாவுக்குப் போனது சோறு. தப்பு என்னவோ ஒரே தப்புத்தான்.

அன்று சாயங்காலம் மருமகப்பிள்ளை இன்னொரு கதை சொன்னான். அது ஊர் அறிந்த கதை. உலகமெங்கும் லினக்ஸ் கம்ப்யூட்டர்களில் கோப்புகளைச் சுருக்கிக் கட்டுவதற்கு எக்ஸ்-இஸட் என்று ஒரு சாதனம் உண்டு. அதைச் சம்பளம் இல்லாமல் ஒருவர் பராமரித்து வந்தார். ஒத்தாசைக்கு என்று புனைபெயரில் ஓர் ஆசாமி வந்து, ஆண்டுக்கணக்கில் நல்ல பிள்ளையாக நடந்து நம்பிக்கையைச் சம்பாதித்து, 2024ஆம் வருஷம் அதற்குள் ஒரு கள்ளக் கதவு வைத்துவிட்டான். அதைத் திறந்துவிடும் சூக்ஷ்மமான பகுதியை எங்கே வைத்தான் தெரியுமா? எல்லோரும் பார்க்கும் மூலக் களஞ்சியத்தில் அல்ல. கட்டி அனுப்புகிற வெளியீட்டு மூட்டையில்! யந்திரம் எழுதியதும், எங்கிருந்தோ நகல் எடுத்ததுமாக அந்த மூட்டையில் கிடக்கும் வரிகளை ஒருவரும் படிப்பதில்லை என்பது அவனுக்குத் தெரியும். அந்த வருஷம் மார்ச் மாதக் கடைசியில் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற என்ஜினீயர், தூரத்துக் கம்ப்யூட்டருக்குள் நுழைய வழக்கத்தைவிட அரை விநாடி அதிகமாகிறதே என்று சந்தேகப்பட்டுத் தோண்டினார். கள்ளன் அகப்படவில்லை, கதவு அகப்பட்டது.

அரை விநாடி! பன்னிரண்டு புளியங்கொட்டை! உலகத்தில் பெரிய தப்புகளைப் பிடிக்கிறவர்கள் பெரிய மேதைகள் என்று நினைக்கிறோம். அப்படியல்ல, தன் கணக்கைத் தனியாக வைத்துக்கொண்டு, சின்ன வித்தியாசத்தை ‘இருக்கட்டும்’ என்று விடாதவர்கள்தான் பிடிக்கிறார்கள்.

“அப்படியானால் பைசன் செய்ததை அனுப்பவே கூடாதா?” என்று கேட்டேன்.

பெரிய வீடுகளிலேயே இதில் ஒரே அபிப்பிராயம் இல்லை என்றான். ஃப்ராய்ண்ட் உழைக்கும் போஸ்ட்கிரெஸ் என்ற தரவுக் களஞ்சியத்தில், 2024 செப்டம்பரில் வந்த 17ஆம் பதிப்பிலிருந்து அந்தக் கோப்புகளை வெளியீட்டு மூட்டையில் வைப்பதை நிறுத்திவிட்டார்கள். கள்ளக் கதவுக் கதை வெளியாகும் முன்பே எடுத்த முடிவு அது. கட்டுகிறவர் பைசனைத் தாமே வைத்துக்கொள்ள வேண்டும். ஆனால் 2006ஆம் வருஷத்து 2.3 பதிப்பு இருந்தாலும் போதும் என்று தாராளமாக விட்டிருக்கிறார்கள். மாக் கம்ப்யூட்டர்களோடு நெடுங்காலமாக வந்தது அந்தப் பழைய பதிப்புத்தான். ஜிசிசி என்ற புகழ் பெற்ற மொழிமாற்றி வேறு வழியில் போயிற்று. 2004இல் ஒரு மொழிக்கும் 2006இல் இன்னொரு மொழிக்கும் பைசனை விட்டுவிட்டுப் பகுப்பியைக் கையாலேயே எழுதிக்கொண்டார்கள். பைசனைக் கட்டுவதற்கோ பைசனே வேண்டும்! அதன் இலக்கணமும் பைசனுக்கென்று எழுதியதுதான். தயிர் தோய்க்க உறைமோர் வேண்டும். உறைமோருக்குத் தயிர் வேண்டும். அதனால் அவர்கள் தங்கள் மூட்டையில் ஒரு கரண்டி உறைமோரைச் சேர்த்தே அனுப்புகிறார்கள்.

இதையெல்லாம் கேட்டபின் எனக்கு ஒன்று தெளிந்தது. சமைத்ததை அனுப்புவதா, அரிசியை அனுப்புவதா என்பதல்ல கேள்வி. எது மூலம், எது அதிலிருந்து பிறந்தது என்பதில் குழப்பம் இருக்கக்கூடாது. பிறந்ததில் செய்த திருத்தம் திருத்தம் ஆகாது. ஒத்திப் போட்ட தப்பு. அது வட்டியோடு திரும்பி வரும். அந்த வட்டியை, தப்புச் செய்தவன் கட்டுவதில்லை. நம்பிக் கை நீட்டியவள் கட்டுகிறாள்.

அந்த இரண்டு நாளும் பையன் சரியாகத் தூங்கவில்லை. முதலில் இலக்கணத்தைத் திருத்தினான். ‘தி’ என்பது தனக்கு முன்னால் இருக்கும் ‘ம’வோடு சேர்ந்தது என்று விதி எழுதினான். பழைய பைசனும் புரிந்துகொள்கிற அளவுக்கு அந்த விதிகளை எளிமையாக்கினான். இனி களஞ்சியத்தில் இலக்கணம் மட்டுமே இருக்கும். பைசன் இல்லாதவருக்கு அனுப்பும் மூட்டையில் மட்டும் பைசன் செய்த கோப்பும் இருக்கும். எந்தப் பதிப்பு எந்த இலக்கணத்திலிருந்து செய்தது என்று பக்கத்திலேயே எழுதியிருக்கும். வேண்டியவர் தாமே செய்து பார்த்து, இரண்டும் ஒன்றா என்று ஒப்பிட்டுக்கொள்ளலாம். கட்டும்போது பைசன் இல்லை என்றால், “பைசன் இல்லை, இன்ன பதிப்பாவது வேண்டும், திருத்தம் செய்வதானால் இலக்கணத்தில் செய்யுங்கள்” என்று நல்ல தமிழில் சொல்லிவிட்டு நிற்கும்.

கடைசியாக ஒரு காரியம் செய்தான். ஆயாவை இருக்கச் சொல்லி, அக்காள் கையால் சாப்பாடு போட்டு, நோட்டில் உள்ள இருபது வரிகளைப் படித்துக் காட்டி, ஒவ்வொன்றுக்கும் எத்தனை ஜோடி என்று அவளைக் கேட்டு எழுதிக்கொண்டான். அவள் கொட்டையை நகர்த்தி நகர்த்திச் சொன்னாள். புரோகிராமைப் புதிதாகக் கட்டும் போதெல்லாம் அந்த இருபது வரிகளும் முதலில் ஓடும். ஒரு விடை மாறினாலும் புரோகிராம் கட்டுப்படாது. அந்தக் கோப்புக்கு ‘புளியங்கொட்டை’ என்றே பெயர் வைத்திருக்கிறான்.

பேரணாம்பட்டுப் பிள்ளையும் மறுநாள் காலையில் வந்து சேர்ந்தான். தலை குனிந்து நின்றான். “நான் சொல்லியிருக்கணும்டா” என்றான். “நானும் கேட்டிருக்கணும்” என்றான் இவன். இரண்டு பேரையும்விடக் குற்றம் யாருக்கு அதிகம் என்று எனக்குத் தெரியும். நான் பேப்பரில் முகத்தை மறைத்துக்கொண்டேன். ஏஜெண்டு அம்மாளிடம் பேசி, அந்தத் தெருவில் குறைந்து போன அத்தனை பேருடைய கூலியையும் கணக்குப் பார்த்துக் கொடுக்க ஏற்பாடாயிற்று. ஆயாவுக்கு மட்டுமல்ல, இன்னும் நான்கு பெண்களுக்குக் குறைந்திருந்தது. அவர்கள் யாரும் கொட்டை போட்டு வைக்கவில்லை. பெட்டி சொன்னால் சரியாயிருக்கும் என்று வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

பஸ் ஸ்டாண்டு வரையில் ஆயாவோடு நான் நடந்தேன். “இனிமேல் தப்பு வராது ஆயா. எல்லாம் சரி செய்துவிட்டான். கொட்டை போட்டு வைக்கிற சிரமம் வேண்டாம்” என்று சமாதானமாகச் சொன்னேன்.

அவள் நின்று என்னைப் பார்த்தாள். “பெட்டி அது கணக்கைப் போடட்டும் சாமி. என் கணக்கை நான் எதுக்கு வுடணும்?” என்று சொல்லிவிட்டு, முடிச்சை இடுப்பில் செருகிக்கொண்டு பஸ்ஸில் ஏறினாள்.

பெல் சோதனைச்சாலையில் இருந்து ஆம்பூர்த் திண்ணை வரையில் சுற்றி வந்து நான் கற்றுக்கொண்டது அந்த ஒரு வாக்கியத்துக்கு மேல் இல்லை. அடுத்தவர் செய்த யந்திரத்தை நம்பாமல் இன்று ஒரு காரியமும் நடவாது, நம்பத்தான் வேண்டும். ஆனால் நம்புவதற்காக நம் கொட்டையை வீசி எறிய வேண்டியதில்லை.

இந்தக் கட்டுரையின் புரூப் வந்தபோது மூன்று இடங்களில் பிழை இருந்தது. திருத்தினேன். உடனே எழுந்து போய், பெட்டியிலிருந்து கையெழுத்துப் பிரதியை எடுத்து, அதிலும் அந்த மூன்றையும் திருத்தி வைத்துவிட்டேன். சித்தப்பா இனி எழுந்து வரமாட்டார்.